மூலிகைகளின் பேராசிரியை அசீமா சட்டர்ஜி

இலையை அரைத்துப் பற்றுப்போடும் அம்மம்மாமாருடன் வளர்ந்தவர்கள் நாம். அந்த இலைக்குள் குணப்படுத்தும் பொருள் எது என்று வாழ்நாள் முழுவதும் தேடிய ஒரு பெண்மணியை எமது நூற்றாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

அசீமா 1917 செப்டெம்பர் 23ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் வைத்தியர், செடிகொடிகளில் ஈடுபாடு கொண்டவர். ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரியில் 1936இல் இரசாயனத்தில் சிறப்புப் பட்டம் பெற்ற அசீமா, 1940இல் லேடி பிரபோர்ன் மகளிர் கல்லூரியில் இரசாயனத்துறையைத் தொடக்கிவைத்தார். 1944இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதற் பெண் அவரே.

1947இல் கைக்குழந்தையுடன் அமெரிக்கா சென்றார். பின்னர் சூரிச்சில் நோபல் பரிசாளர் போல் கரரிடம் ஆராய்ந்து, 1950இல் நாடு திரும்பினார். அங்கே இரசாயனப் பொருட்களுக்கும் பணத்துக்கும் பெருந் தட்டுப்பாடு. மாதிரிகளைச் சொந்தச் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பியே பகுப்பாய்வு செய்விக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் ஆய்வு நிற்கவில்லை.

அவர் ஆராய்ந்த மூலிகைகள் எமக்குப் புதியவை அல்ல. எமது மணற்றரையில் தானாக முளைக்கும் பட்டிப்பூவின் இனத்திலும் சர்ப்பகந்தியின் இனத்திலும் உள்ள அல்கலோயிட்டுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆரைக்கீரையிலிருந்து வலிப்பு நோய்க்கு மருந்து கண்டார். ஏழிலைப்பாலை, கடுகுரோகிணி, கழற்சி முதலியவற்றைக் கொண்டு மலேரியாவுக்கும் மருந்து உருவாக்கினார். கழற்சிக்காயை விளையாட்டுப் பொருளாக மட்டும் அறிந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! மலேரியாவைப் பற்றியோ எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முருங்கன், மடுப் பக்கத்தார் அக்காய்ச்சலால் பட்ட பாட்டை மூத்த சகோதரிகள் நன்கு அறிவர்.

1961இல் பட்நாகர் விருதைப் பெற்ற முதற் பெண்ணானார். 1962 முதல் 1982 வரை கைரா பேராசிரியர் பதவியை வகித்தார். 1967இல் தந்தையாரையும் கணவரையும் சில மாத இடைவெளியில் இழந்து, தாமும் கடும் நோயுற்றார். உடல் தேறியதும் ஆய்வுகூடத்துக்கே திரும்பினார். விருதுகளைவிட இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். 1975இல் இந்திய விஞ்ஞான காங்கிரசின் தலைமை முதன்முறையாக ஒரு பெண்ணிடம் வந்தபோது அவரே அப்பெண். பின்னர் ராஜ்ய சபையிலும் அங்கம் வகித்தார்.

2006 நவம்பர் 22ஆம் திகதி அவர் மறைந்தார். இந்திய மூலிகைகள் பற்றி சத்யேஷ் பக்ராஷியுடன் சேர்ந்து பதிப்பித்த ஆறு தொகுதிகள் இன்றும் ஆய்வாளர் கைகளில் இருக்கின்றன. அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள்.