பாட்டுத் தேடி அலைந்த ஏ.பி. கார்ட்டர்

அமெரிக்காவில் "கண்ட்ரி" இசை என்று ஒரு வகை உண்டு. அது கிராமத்து ஜனங்களின் பாட்டு. கிதார், பிடில் முதலிய வாத்தியங்களுடன் பாடுவார்கள். இன்று அது பல கோடி டாலர் புரளும் பெரிய தொழில்.

அந்தத் தொழில் பிறந்த காலத்தில், மலை அடிவாரத்தில் இருந்து ஒரு குடும்பம் பாட வந்தது. கணவன், மனைவி, தம்பி மனைவி ஆகிய மூன்றே பேர். அவர்கள்தான் "கார்ட்டர் குடும்பம்". கண்ட்ரி இசையின் முதல் குடும்பம் என்று அமெரிக்கர்கள் இன்றும் அவர்களைப் போற்றுகிறார்கள்.

இந்தக் கோஷ்டியை அமைத்தவர் ஏ.பி. கார்ட்டர். ஊர் ஊராகப் போய், அழிந்து போக இருந்த பழைய பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார். பாட்டு கிடைத்தது. ஆனால், அவருடைய குடும்ப வாழ்க்கை பறிபோயிற்று.

நடுங்கும் கை

ஏ.பி. கார்ட்டரின் முழுப் பெயர், ஆல்வின் பிளசன்ட் டெலனி கார்ட்டர். 1891-ம் ஆண்டு டிசம்பர் 15-ந்தேதி பிறந்தார். ஊர், வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மேசஸ் ஸ்பிரிங். அது கிளிஞ்ச் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்கு "ஏழைப் பள்ளத்தாக்கு" என்று பெயர். பெயருக்கு ஏற்றபடி அங்கே வசித்தவர்களும் ஏழைகளே.

கார்ட்டருக்குச் சிறு வயது முதலே கை நடுங்கும். பேசும்போது குரலும் நடுங்கும். அவர் வயிற்றில் இருந்தபோது தாயாரின் அருகே இடி விழுந்ததாம். அதனால்தான் பிள்ளைக்கு இந்த நடுக்கம் என்று தாயார் நம்பினார்.

அவர் ஓர் இடத்தில் நிலையாக இருக்க மாட்டார். ஏதோ யோசனையில் தனியே நடந்துகொண்டே இருப்பார். பிடில் வாசிக்கக் கற்றார். மாதா கோவிலில் பாடினார். பிழைப்புக்காகப் பழ மரக்கன்றுகள் விற்றார்.

மலைக்கு அப்பால் ஒரு குரல்

ஒரு நாள் மரக்கன்று விற்க மலையைத் தாண்டிப் போனார். அங்கே ஒரு வீட்டில் இருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. ஓர் இளம்பெண் "ஆட்டோஹார்ப்" என்ற தந்தி வாத்தியத்தை மீட்டியபடி பாடிக்கொண்டு இருந்தாள். பெண் குரல்தான், ஆனால் கம்பீரமான குரல். அந்தக் குரலிலேயே கார்ட்டர் மனதைப் பறிகொடுத்தார் என்று அந்தப் பக்கத்தில் கதையாகச் சொல்வார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் சாரா. தாயை இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்தவர். 1915-ம் ஆண்டு ஜூன் 18-ந்தேதி இருவருக்கும் திருமணம் நடந்தது. அப்போது சாராவுக்கு வயது 16. கிளாடிஸ், ஜேனட் என்ற பெண்களும், ஜோ என்ற பையனும் பிறந்தனர்.

1926-ல் கார்ட்டரின் தம்பி எஸ்ரா, மேபெல் என்ற பெண்ணை மணந்தார். மேபெலும் சாராவும் முன்பே உறவினர்கள். இப்போது ஓரகத்திகளாகவும் ஆனார்கள்.

மேபெல் கிதார் வாசிப்பதில் கெட்டிக்காரி. கட்டை விரலால் தடித்த தந்திகளில் பாட்டின் மெட்டை வாசிப்பார். அதே நேரத்தில் மற்ற விரலால் மெல்லிய தந்திகளில் தாளம் கொடுப்பார். ஒரே கிதாரில் இரண்டு கிதார் வாசிப்பது போல இருக்கும். பிற்காலத்தில் அமெரிக்காவில் கிதார் கற்ற பலரும் இந்த முறையைப் பின்பற்றினார்கள்.

சாரா பாட, மேபெல் கிதார் வாசிக்க, கார்ட்டர் இடையிடையே கீழ்க்குரலில் சேர்ந்து பாடுவார். இப்படிக் கோஷ்டி உருவாயிற்று.

தொப்பிக் கிடங்கில் பாடினார்கள்

1927-ம் ஆண்டு. விக்டர் இசைத்தட்டு கம்பெனியின் சார்பில் ரால்ப் பியர் என்பவர் பிரிஸ்டல் நகருக்கு வந்தார். அந்த நகரில் ஒரு விசேஷம். பாதி ஊர் வர்ஜீனியாவிலும், மறுபாதி டென்னசியிலும் இருக்கிறது. மாநில எல்லைக் கோடு கடை வீதியின் நடுவே போகிறது. அங்கே ஒரு தொப்பிக் கிடங்கில் கருவிகளை வைத்து, கிராமத்துப் பாடகர்களைப் பியர் வரவழைத்தார்.

கார்ட்டருக்கும் போக ஆசை. ஆனால் காருக்கு எங்கே போவது? தம்பியிடம் கார் இருந்தது. தம்பியின் சோளக் கொல்லையில் களை எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டு, காரை வாங்கினார்.

அப்போது மேபெல் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. சாராவின் கையிலோ பால் குடிக்கும் குழந்தை ஜோ. குழந்தையைப் பார்த்துக்கொள்ள 8 வயது கிளாடிசும் வந்தாள். பாதை கரடுமுரடு. கடும் வெயில். வழியில் டயர் பழுதானது. சுமார் 25 மைல் தூரத்தைக் கடக்க ஒரு நாள் பொழுது ஆயிற்று.

ஆகஸ்டு 1-ந்தேதி 4 பாட்டுகளும், மறுநாள் 2 பாட்டுகளும் பதிவாயின. ஒரு பாட்டுக்கு 50 டாலர் வீதம் 300 டாலர் கிடைத்தது. அந்த ஏழைக் குடும்பத்துக்கு அது பெரும் தொகை.

இரண்டாம் நாள் பாடியவற்றுள் ஒன்று, கல்யாணம் ஆகாத பெண்ணின் வாழ்வையும், கல்யாணம் ஆன பெண்ணின் கஷ்டத்தையும் ஒப்பிடும் பாட்டு. அதைப் பாடச் சாராவுக்கு விருப்பம் இல்லை. பியர் வற்புறுத்தவே பாடினார். அந்த இசைத்தட்டு நன்றாக விற்பனையானது.

மறு ஆண்டு, நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள காம்டன் நகருக்குக் கம்பெனி அவர்களை அழைத்தது. அங்கே பாடிய பாட்டுகள் அவர்கள் புகழை நாடெங்கும் பரப்பின. கையில் பணம் வந்ததும், மேபெல் 275 டாலர் கொடுத்துப் பெரிய கிதார் ஒன்று வாங்கினார்.

பாட்டு வேட்டை

கம்பெனிக்கு மேலும் மேலும் பாட்டு வேண்டும். அதுவும் வேறு யாரும் இசைத்தட்டில் பாடாத பாட்டாக இருக்க வேண்டும். கார்ட்டர் பாட்டுத் தேடிக் கிளம்பினார்.

எந்த ஊரில் யாருக்குப் பழைய பாட்டு தெரியும் என்று விசாரிப்பார். அங்கே போவார். அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, பாடச் சொல்லிக் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்வார். கிழவிகள் பாடிய பாட்டு, சுரங்கத் தொழிலாளிகள் பாடிய பாட்டு, கோவில் பாட்டு, எதையும் விடமாட்டார்.

வார்த்தைகளை எழுதிக்கொள்ள அவரால் முடியும். மெட்டை மனதில் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். அதற்கு ஒரு நண்பர் கிடைத்தார். அவர் பெயர் லெஸ்லி ரிடில். கறுப்பர் இனத்தைச் சேர்ந்த கிதார் கலைஞர். சிமெண்டு ஆலையில் நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஒரு முறை கேட்டால் போதும், மெட்டு அவர் மனதில் பதிந்துவிடும்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிறவெறி தலைவிரித்து ஆடியது. கறுப்பருக்குத் தனிப் பள்ளிக்கூடம், ரெயிலில் தனிப் பெட்டி. அப்படிப்பட்ட நாளில் வெள்ளையரும் கறுப்பருமாக இருவரும் ஊர் ஊராகச் சுற்றினார்கள். ரிடில் கார்ட்டர் வீட்டிலும் வந்து தங்குவார். அவர் வாசிப்பதைப் பார்த்து மேபெலும் கிதாரில் சில நுணுக்கங்களைக் கற்றார்.

இப்படிச் சேர்த்த பாட்டுகள் இசைத்தட்டில் கார்ட்டர் பெயரில் வெளிவந்தன. உரிமைப் பணத்தில் பியருக்கும் பங்கு போயிற்று. பாடிக் கொடுத்த கிராமத்தாரின் பெயரோ, ரிடிலின் பெயரோ இசைத்தட்டில் இல்லை. ரிடிலின் உதவி எத்தகையது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே உலகத்துக்குத் தெரிந்தது.

பிரிந்தது குடும்பம்

பாட்டு வேட்டைக்குப் போனால் கார்ட்டர் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. சில நாளும் ஆகும், பல வாரமும் ஆகும். வீட்டில் சாரா தனியாக 3 குழந்தைகளைக் கவனிக்க வேண்டும். விறகு வெட்ட வேண்டும். வயல் வேலையும் பார்க்க வேண்டும்.

அந்த நாளில் சாராவுக்கு உதவியாக இருந்தவர் காய் பேஸ். கார்ட்டரின் தாய் வழி உறவினர். நாளடைவில் சாராவும் அவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். விஷயம் வெளியே தெரிந்தது. உறவினர்களிடையே மனக்கசப்பு உண்டாயிற்று. காய் பேஸின் குடும்பம் மேற்கே வெகு தூரத்தில் உள்ள கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது.

சாரா, கணவரின் வீட்டை விட்டு, மலைக்கு அப்பால் தான் வளர்ந்த ஊருக்கே திரும்பினார். 1936-ல் விவாகரத்து நடந்தது.

ஆனால் கோஷ்டி உடையவில்லை! பியர் பேசிச் சமாதானம் செய்தார். பாட்டுப் பதிவு நாளில் மட்டும் சாரா வருவார். கணவனாக இருந்தவரும் மனைவியாக இருந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுவார்கள். பாடி முடித்ததும் அவரவர் வழியில் போவார்கள்.

எல்லை ரேடியோ

1938-ல் புதிய வாய்ப்பு வந்தது. அமெரிக்க எல்லைக்கு அப்பால், மெக்சிகோ மண்ணில் ஒரு ரேடியோ நிலையம் இருந்தது. அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. அதனால் அதன் சக்தி மிக அதிகம். அமெரிக்காவின் எந்த மூலையிலும் கேட்கும். மருந்து விளம்பரங்களுக்கு நடுவே தினமும் இரண்டு வேளை கார்ட்டர் குடும்பம் பாடியது. ஆளுக்கு வாரம் 75 டாலர் சம்பளம். பஞ்ச காலத்தில் அது நல்ல சம்பளம். பிறகு பிள்ளைகளும் ரேடியோவில் பாடினார்கள்.

கலிபோர்னியாவிலும் அந்த ரேடியோ கேட்டது. ஒரு நாள் சாரா, பிரிந்துபோன காதலனை நினைத்து ஏங்கும் ஒரு பாட்டைக் காய் பேஸின் பெயரைச் சொல்லிப் பாடினாராம். அதைக் கேட்டு அவர் புறப்பட்டு வந்தார் என்பது கதை. 1939-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், டெக்சாஸ் மாநிலத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

அதன் பிறகும் கார்ட்டர், சாராவின் பக்கத்தில் நின்று பாடினார். அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

1941-ல் "லைப்" பத்திரிகையின் புகைப்படக்காரர் ஏழைப் பள்ளத்தாக்குக்கு வந்து, குடும்பத்தைப் படம் எடுத்தார். அது வெளிவந்தால் புகழ் இன்னும் ஓங்கும் என்று எதிர்பார்த்தார்கள். டிசம்பர் 7-ந்தேதி ஜப்பான் விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. யுத்தச் செய்தி வந்தது. கார்ட்டர் குடும்பத்தின் படங்கள் நின்றுபோயின.

1943-ல் கோஷ்டி கலைந்தது. சாரா புதுக் கணவருடன் கலிபோர்னியாவுக்குப் போனார். அதற்குள் சுமார் 300 பாட்டுகள் இசைத்தட்டில் ஏறியிருந்தன.

கடைக்காரர்

கார்ட்டர் மலை அடிவாரத்துக்கே திரும்பினார். சொந்த ஊரில் ஒரு மளிகைக் கடை வைத்தார்.

மேபெல் மட்டும் பாட்டை விடவில்லை. ஹெலன், ஜூன், அனிடா என்ற தன் 3 பெண்களையும் சேர்த்துப் புதிய கோஷ்டி அமைத்தார். 1950-ல் நாஷ்வில் நகரத்தின் புகழ்பெற்ற "கிராண்ட் ஓல் ஆப்ரி" மேடையில் ஏறினார். ஜூன்தான் பிற்காலத்தில் பிரபல பாடகர் ஜானி கேஷை மணந்தவர்.

1950-க்குப் பிறகு கார்ட்டரும் சாராவும் பிள்ளைகளுடன் சேர்ந்து, ஒரு சிறு கம்பெனிக்காக மீண்டும் பாடினார்கள். ஆனால் பழைய வரவேற்பு இல்லை. 1960-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி ஏ.பி. கார்ட்டர் காலமானார். அப்போது அவருக்கு வயது 68. உலகம் அவரை ஏறக்குறைய மறந்திருந்தது.

மகள் காப்பாற்றிய வாக்கு

அவர் இறந்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. பழைய கிராமியப் பாட்டுகள்மீது அமெரிக்க இளைஞர்களுக்கு மோகம் பிறந்தது. கார்ட்டர் குடும்பத்தின் இசைத்தட்டுகளைத் தேடி வாங்கினார்கள். பெரிய விழாக்களில் பாட மேபெலையும் சாராவையும் அழைத்தார்கள். 1970-ல், கண்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் கார்ட்டர் குடும்பத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. அந்தக் கவுரவத்தைப் பெற்ற முதல் கோஷ்டி அதுதான். மேபெல் 1978-லும், சாரா 1979-லும் காலமானார்கள்.

பாட்டு அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கார்ட்டர் தன் மகள் ஜேனட்டிடம் கேட்டுக்கொண்டு இருந்தார். ஜேனட் வாக்குக் கொடுத்து இருந்தார். 1974-ல், தந்தையின் பழைய கடையிலேயே சனிக்கிழமைதோறும் கச்சேரி நடத்தத் தொடங்கினார். கூட்டம் தாங்கவில்லை. பக்கத்தில் பெரிய கொட்டகை போட்டார்கள். தம்பி ஜோவும் துணை நின்றார். 2003 ஜூலையில் ஜானி கேஷ் கடைசியாக மேடை ஏறிப் பாடியதும் அங்கேதான். ஜேனட் 2006-ல் இறக்கும் வரை வாக்கைக் காப்பாற்றினார்.

மேசஸ் ஸ்பிரிங் மாதா கோவில் கல்லறைத் தோட்டத்தில் ஏ.பி. கார்ட்டரின் சமாதி இருக்கிறது. அந்தக் கல்லில் தங்க நிறத்தில் ஓர் இசைத்தட்டு பதித்து இருக்கிறார்கள். அதில், 1928-ல் அவர்கள் பாடிய ஒரு பாட்டின் பெயர் இருக்கிறது. வாழ்க்கையில் வெயில் அடிக்கும் பக்கமாகவே இரு என்பது அதன் பொருள். குளிர் நாட்டாருக்கு வெயில்தானே சந்தோஷம்!

சாராவும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டு இருக்கிறார்.