அவர் போன பிறகும் டீம் ஜெயித்தது... அப்போ மேனேஜர் எதற்கு? ஹெர்பர்ட் சாப்மேனின் கதை

ஒரு கால்பந்து டீம் வரிசையாக நாலு மேட்ச் தோற்றால் முதலில் வேலை போவது யாருக்கு? மேனேஜருக்குத்தான். பதினோரு பேரையும் ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒருத்தரை மாற்றிவிடலாம். ஆனால் புதுசா வருபவர் என்ன செய்துவிட முடியும்? பழைய மேனேஜர் விட்டுப்போன அதே வீரர்கள்தானே மைதானத்தில் ஓடப்போகிறார்கள்?

கிட்டத்தட்ட 100 வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு இங்கிலாந்துக்காரரின் வாழ்க்கையில் இதற்கு ஒரு விசித்திரமான பதில் இருக்கிறது. அவர் பெயர் ஹெர்பர்ட் சாப்மேன். இரண்டு கிளப்புகளை லீக் சாம்பியன் ஆக்கியவர். அந்த இரண்டுமே அவர் போன பிறகும் சாம்பியன் ஆகின. முதல் கிளப்பை அவராகவே விட்டுப் போனார். இரண்டாவது கிளப்பில் இருந்தபோதே இறந்துபோனார்.

யார் இந்த சாப்மேன்?

1878-ல் யார்க்‌ஷயரில் உள்ள கிவ்டன் பார்க் என்ற ஊரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர். படித்ததும் சுரங்கப் பொறியியல்தான். வீரராகப் பல கிளப்புகளுக்கு ஆடினார், பெரிய பெயர் எதுவும் கிடைக்கவில்லை. மஞ்சள் கலர் பூட்ஸ் போட்டு ஆடியவர் என்பதைத்தான் பலரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

1907-ல் நார்தாம்ப்டன் டவுன் அவரை மேனேஜர் ஆக்கியது. சதர்ன் லீக்கில் அடிமட்டத்தில் கிடந்த டீம் அது. 1909-ல் அதே லீக்கில் சாம்பியன்!

அந்தக் காலத்து மேனேஜர் வேலை இப்போது மாதிரி கிடையாது. யார் ஆட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கிளப் இயக்குநர்களே முடிவு செய்வார்கள். கடிதம் எழுதுவது, ரயில் பயணத்துக்கு ஏற்பாடு செய்வது, கணக்குப் பார்ப்பது எல்லாம் மேனேஜர் பொறுப்பு. டீமைத் தேர்வு செய்யும் அதிகாரம் தன் கையில் இருக்க வேண்டும் என்று சாப்மேன் பிடிவாதமாக நின்றார். மேனேஜர் முக்கியமா, வீரர்கள் முக்கியமா என்ற விவாதமே அவர் மாதிரி ஆட்கள் வந்த பிறகு கிளம்பியதுதான்.

அடுத்து 1912-ல் லீட்ஸ் சிட்டி. உலகப் போர் வந்ததும் பார்ன்போ வெடிமருந்து தொழிற்சாலையில் நிர்வாக வேலைக்குப் போனார். போர் முடிந்ததும் இடி விழுந்தது. போர்க்காலத்தில் வீரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்ததாக கிளப் மீது புகார். கணக்குப் புத்தகங்களைக் காட்ட மறுத்ததால் 1919-ல் லீட்ஸ் சிட்டியை லீக்கை விட்டே துரத்திவிட்டார்கள். அதன் வீரர்கள் ஒரு ஹோட்டலில் வைத்து ஏலம் விடப்பட்டார்கள். வீரர்களுக்காவது வேறு டீம் கிடைத்தது. மேனேஜருக்குக் கிடைத்தது தடை!

கால்பந்தை விட்டு ஒரு ஆலை வேலைக்குப் போனார், அதுவும் நிலைக்கவில்லை. அந்த நேரத்தில் கைகொடுத்தது ஹடர்ஸ்ஃபீல்டு டவுன். பணம் கைமாறிய காலத்தில் சாப்மேன் வெடிமருந்து தொழிற்சாலையில் இருந்தார் என்று வாதாடி, தடையை நீக்க வைத்து, 1921-ல் வேலை கொடுத்தார்கள்.

17-வது இடத்திலிருந்து சாம்பியன்

அந்த சீசனில் ஹடர்ஸ்ஃபீல்டு முடித்தது 17-வது இடத்தில். ஆனால் மோசமான டீம் என்று சொல்லிவிட முடியாது. பில்லி ஸ்மித், டாம் வில்சன், ஃபிராங்க் மேன் போன்ற நல்ல வீரர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். சாப்மேன் அவர்களைக் கலைக்கவில்லை. ஆஸ்டன் வில்லாவிலிருந்து 31 வயது கிளெம் ஸ்டீஃபன்சனை வாங்கி நடுவில் வைத்தார். மற்றவர்கள் கண்ணுக்கு அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். சாப்மேன் கண்ணுக்கு, ஓடும் பத்து பேருக்கு யோசிக்கும் ஒரு தலை. சுரங்க ஊரிலிருந்து ஜார்ஜ் பிரவுன் என்ற இளைஞரையும் பிடித்து வந்தார்.

1922-ல் எஃப்.ஏ. கோப்பை. 1924-ல் லீக் பட்டம். இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. அந்த சீசனில் ஹடர்ஸ்ஃபீல்டும் கார்டிஃப் சிட்டியும் தலா 57 புள்ளிகள். கோல் சராசரியில் 0.024 வித்தியாசத்தில் பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனது. கடைசி மேட்ச்சில் கார்டிஃப் ஒரு பெனால்ட்டியைக் கோட்டை விட்டிருந்தது. அந்தப் பந்து உள்ளே போயிருந்தால்? மேனேஜரின் மகிமை என்று நாம் பேசுவதில் பாதி இந்த மாதிரி பந்துகள்தான்.

1925-லும் ஹடர்ஸ்ஃபீல்டே சாம்பியன். அந்தக் கோடையில் சாப்மேன் ஆர்சனலுக்குக் கிளம்பினார். முந்தைய சீசனில் 20-வது இடம் பிடித்த டீம் அது.

அடுத்த சீசன் முடிவைப் பாருங்கள். சாப்மேன் இல்லாத ஹடர்ஸ்ஃபீல்டு 57 புள்ளிகளோடு முதலிடம். தொடர்ந்து மூன்று முறை லீக் வென்ற முதல் டீம் என்ற பெருமையும் சேர்ந்தது. சாப்மேன் இருந்த ஆர்சனல் 52 புள்ளிகளோடு இரண்டாம் இடம்.

வீரர்கள் பக்கம் பேசுபவர்கள் மேல் வரியைக் காட்டலாம், மேனேஜர் பக்கம் பேசுபவர்கள் கீழ் வரியைக் காட்டலாம். ஆனால் அந்த மேல் வரியில் இருந்த டீமைக் கட்டியவர் யார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

யோசனை வீரருடையது, ஆள் மேனேஜருடையது

அந்த ஆண்டுதான் ஆஃப்சைடு விதி மாறியது. பந்து வரும்போது தாக்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் அதுவரை எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். இனி இரண்டு பேர் போதும் என்றார்கள். தடுப்பாட்டம் சிதறியது. முதல் டிவிஷனில் ஒரு சீசனுக்கு 1192 ஆக இருந்த கோல்கள் 1703 ஆகின.

1925 அக்டோபரில் நியூகாசில் ஆர்சனலை 7-0 என்று நொறுக்கியது. ஆர்சனலின் சார்லி புக்கன் கொதித்துப் போனார். சண்டர்லேண்டிலிருந்து 2000 பவுண்டுக்கும், அதற்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுண்டு என்ற ஒப்பந்தத்திலும் வாங்கப்பட்ட நட்சத்திரம் அவர். நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னால் இழுத்து, இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவில் மூன்றாவது ஆளாக நிறுத்த வேண்டும் என்பது அவர் யோசனை. சரி, அப்போது நடுக்களத்தில் விழும் ஓட்டையை அடைப்பது யார்? புக்கன் தானே அந்த வேலைக்கு ஆசைப்பட்டார். கோல் அடிக்கும் ஆளைப் பின்னால் இழுக்க சாப்மேன் சம்மதிக்கவில்லை. மூன்றாவது டீமில் ஆடிக்கொண்டிருந்த ஆண்டி நீலைக் கூப்பிட்டார். முந்தைய மேனேஜர் விட்டுப்போன, யாரும் கண்டுகொள்ளாத ஒரு வீரர்.

இரண்டே நாளில் வெஸ்ட் ஹாம் மைதானத்தில் அடுத்த மேட்ச். ஆர்சனல் 4-0 வெற்றி!

பின்னாளில் டபிள்யூ-எம் என்று உலகமே காப்பி அடித்த ஆட்ட முறை இப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கான ஆட்களைச் சேர்க்க சாப்மேனுக்குப் பல வருஷம் பிடித்தது. நடுத் தடுப்புக்கு ஹெர்பி ராபர்ட்ஸ் வந்தார், விலை வெறும் 200 பவுண்டு. முன்பு பால்காரராக இருந்த எடி ஹாப்குட் இடது தடுப்பில். இன்னொரு பக்கம் பணமும் தண்ணீராக ஓடியது. 1928-ல் டேவிட் ஜாக்குக்குக் கொடுத்த 10,890 பவுண்டு அன்றைய சாதனை விலை. ஆகவே சாப்மேன் வெறும் மூளையால் ஜெயித்தார் என்று சொன்னால் அது பொய்.

ஆனால் வாங்கிய வீரர்களை அவர் அப்படியே பயன்படுத்தவில்லை. பிரெஸ்டனில் கோல் அடித்துப் பேர் வாங்கிய அலெக்ஸ் ஜேம்ஸைப் பின்னால் நிறுத்தி, பந்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆளாக மாற்றினார். ஜேம்ஸின் கோல் கணக்கு சரிந்தது, டீமின் கணக்கு ஏறியது. எக்ஸெட்டரிலிருந்து வந்த 17 வயது கிளிஃப் பாஸ்டினை இடது ஓரத்துக்குத் தள்ளினார். ஓரத்தில் நின்றபடியே அவர் 1932-33 சீசனில் லீக்கில் அடித்தது 33 கோல்கள். நடுக்களத்தில் ஆடிய ஜார்ஜ் மேய்லை வலது தடுப்பாளர் ஆக்கினார். அறைக்குள் சாப்மேன் பேசி முடித்து வெளியே வந்தபோது, நாட்டிலேயே சிறந்த வலது தடுப்பாளர் தான்தான் என்று மேய்லே நம்பிவிட்டார் என்பது ஆர்சனலில் பிரபலமான கதை.

1930-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் எதிரே வந்தது யார் தெரியுமா? அதே ஹடர்ஸ்ஃபீல்டு. அவர்களுடைய மேனேஜர், சாப்மேனின் பழைய கேப்டன் ஸ்டீஃபன்சன். 2-0 என்று ஆர்சனல் வென்றது. 1931-லும் 1933-லும் லீக் பட்டம். தென் இங்கிலாந்து கிளப் ஒன்று லீக் வென்றது அதுதான் முதல் முறை. சட்டையில் வெள்ளைக் கை, மின்விளக்கு ஆட்டத்துக்கான முயற்சி, ரயில் நிலையத்துக்கு ஆர்சனல் என்ற பெயர் எல்லாம் இந்தக் காலத்துச் சமாச்சாரங்கள்தான்.

வால்சாலில் விழுந்த அடி

1933 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பைக்காக வால்சாலுக்குப் போனார்கள். அது மூன்றாம் டிவிஷன் டீம். ஆர்சனலில் சிலருக்குக் காய்ச்சல், சிலருக்குக் காயம். அனுபவமில்லாத நாலு பேரை சாப்மேன் இறக்கினார். அதே மேனேஜர், அதே ஆட்ட முறை. ஆனால் 2-0 என்று தோல்வி. பெனால்ட்டிக்குக் காரணமான டாமி பிளாக்கை ஒரு வாரத்துக்குள் வேறு கிளப்புக்கு விற்றுவிட்டார். சாப்மேனின் வாழ்க்கையில் ரசிக்க முடியாத பக்கம் இது. ஆட்களைத் தேர்ந்தெடுத்தது அவர், பழி விழுந்தது ஒரு பையன் தலையில்.

அடுத்த வருஷப் பிறப்பில் அவருக்குச் சளி பிடித்திருந்தது. ஓய்வெடுக்காமல் ஊர் ஊராக மேட்ச் பார்க்கப் போனார். கடைசியாகப் பார்த்தது தன் கிளப்பின் மூன்றாவது டீம் ஆடிய ஆட்டம். ஆண்டி நீல்கள் அங்கேதானே கிடைப்பார்கள்! சளி நிமோனியாவாக மாறி, 1934 ஜனவரி 6 அதிகாலையில் இறந்துபோனார். வயது 55. அன்று மதியமே ஆர்சனலுக்கு சொந்த மைதானத்தில் மேட்ச் இருந்தது. ஆடினார்கள், 1-1 டிரா.

மீதி சீசனை ஜோ ஷா பார்த்துக்கொண்டார், பட்டம் வந்தது. அடுத்து மேனேஜர் ஆன ஜார்ஜ் அலிசன் பத்திரிகையாளர், ரேடியோ வர்ணனையாளர். அவரிடமும் 1935-ல் பட்டம் வந்தது. யார் உட்கார்ந்தாலும் ஜெயிக்கும் நாற்காலி என்று தோன்றும். ஆனால் அந்த சீசனில் லீக்கில் 42 கோல் அடித்த டெட் டிரேக், சாப்மேன் இறந்த பிறகு வாங்கப்பட்டவர். 1934 நவம்பரில் இத்தாலியை எதிர்த்து ஆடிய இங்கிலாந்து டீமில் ஆர்சனல் வீரர்கள் மட்டும் ஏழு பேர். அதில் ஐந்து பேர் சாப்மேன் சேர்த்தவர்கள், இரண்டு பேர் அவருக்குப் பின் வந்தவர்கள்.

1938-ல் அலிசன் மறுபடியும் லீக் வென்றபோது ஹாப்குட், மேய்ல், பாஸ்டின் மூவரும் இன்னும் டீமில் இருந்தார்கள். ஹடர்ஸ்ஃபீல்டு, சாப்மேன் விட்டுப்போன வீரர்களோடு 1927-லும் 1928-லும் இரண்டாம் இடம் வரை வந்தது. 1926-க்குப் பிறகு இன்றுவரை அது லீக் பட்டம் வென்றதில்லை.