கண்ணாடித் தகட்டில் முகம் கண்டவர்

இலங்கை வரலாறு பயிலும் மாணவர் யாவரும் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தைப் படித்திருப்பர். 1833ஆம் ஆண்டில் நம் நாட்டின் நீதிமுறையை மாற்றியமைத்த அந்தச் சார்ள்ஸ் ஹே கமரனின் கல்லறை பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய முற்றத்தில் இருக்கிறது. இதை அறிந்தோர் சிலரே. அவர் அருகில் துயில்கின்ற மனைவியாரோ, புகழில் கணவரை விஞ்சியவர். புகைப்படத்தைக் கலையென உலகம் ஏற்பதற்கு முன்னோடியாய் நின்றவருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் அவர்.

அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரி. தாயார் பிரெஞ்சுக் குடியினர். நோயுற்று உடல் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது, பின்னாளில் தம் வாழ்வை வகுத்த இருவரை அங்கே சந்தித்தார். ஒருவர் கமரன், அவரை 1838ஆம் ஆண்டில் மணந்தார். மற்றவர் வானியல் அறிஞர் ஜோன் ஹேர்ஷல். ஒளியால் எழுதும் புதுக்கலை பிறந்த செய்தியையும் அதன் மாதிரிப் படங்களையும் அம்மையாருக்கு முதன்முதல் அறியத் தந்தவர் அவரே.

கணவர் ஓய்வு பெற்றதும் 1848இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. வைட் தீவிலே, கவிஞர் தெனிசனின் இல்லத்துக்கு அயலில், அவர்கள் ஒரு வீட்டை வாங்கினர். இலங்கையிலிருந்த தம் தோட்டத்தின் பெயரையே தழுவி, அதற்கு டிம்போலா என்று பெயரிட்டனர். 1863ஆம் ஆண்டு மார்கழியில், தாயின் தனிமை நீங்குமென்று எண்ணி, மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. கமராவை எங்கே நிறுத்துவது, வில்லையை எவ்வாறு குவியப்படுத்துவது என்பனவெல்லாம் அவர் அறியாதவை. உள்ளூர் விவசாயி ஒருவரை எடுத்த முதற்படத்தை, ஈரம் உலராத தகட்டின்மீது கையை வைத்துத் தேய்த்துத் தாமே அழித்துவிட்டார்.

அக்காலத்துப் படப்பிடிப்பு எளிய தொழிலன்று. கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மீது கொலோடியன் என்னும் பசைநீரைச் சீராக ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் காயுமுன்னே படம் எடுத்து உருத்துலக்க வேண்டும். தூசு ஒன்று விழினும் தகடு கெடும். கையும் ஆடையும் கறுத்துப்போகும். அம்மையார் நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைக் கண்ணாடி வேய்ந்த படக்கூடமாக்கினார். பொழுதுபோக்காகப் படம்பிடித்து வந்த ஓவியர் வின்ஃபீல்டிடம் ஒரே ஒரு பாடம் கேட்டார். ஐயம் நேர்ந்தபோதெல்லாம் அவருக்கே கடிதம் எழுதினார். எஞ்சியதைக் கெட்ட தகடுகள் கற்பித்தன. 1864ஆம் ஆண்டு தையில் ஆனி என்னும் சிறுமியை எடுத்த படத்தைத் தம் முதல் வெற்றியென மகிழ்ந்து குறித்துக்கொண்டார்.

கருவியைத் தெரிவு செய்வதில் அவர் காட்டிய முறை இன்றும் கற்கத்தக்கது. முதற் கமராவின் தகடு 11 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்டது. அந்நாளில் படத்தைப் பெருப்பிக்கும் வழக்கம் அரிது. தகட்டைத் தாளின்மேல் வைத்து வெயிலிலே பதிப்பர். தகடு எவ்வளவோ படமும் அவ்வளவே. அந்தச் சிறு கமராவுடன் ஏறக்குறைய இரண்டாண்டு உழைத்தார். அதன் பின்னரே, மனித முகத்தை அதன் இயல்பான அளவையொட்டிப் பெரிதாகப் பதிக்க வேண்டுமென்ற வேட்கை எழுந்தது. 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடு ஏற்கும் கமராவை அப்போதுதான் நாடினார். முதலில் நோக்கம் தெளிந்தது. பின்பு அதற்கேற்ற கருவி வந்தது.

வில்லையின் வாயை அகலத் திறந்து, முகத்தை நெருங்கிப் படம் எடுத்தால் கூர்மை ஒரு மெல்லிய தளத்தில் மட்டுமே நிற்கும். கண் தெளியும், காதும் கூந்தலும் மங்கும். அம்மையார் இம்மங்கலை விரும்பி ஏற்றார். புகைப்படச் சங்கத்தினர் இதனைத் தொழிற்பிழையென்று இகழ்ந்தனர். தென் கென்சிங்ரன் அரும்பொருட்சாலையோ 1865இலேயே அவர் படங்களை விலைகொடுத்து வாங்கியது. அன்று பிழையெனப்பட்ட அந்த மங்கலைப் பெறுவதற்கென்றே இன்று பலர் விலையுயர்ந்த வில்லைகளை வாங்குகின்றனர். கைப்பேசிகள் கணக்கிட்டு அதைப் போலி செய்கின்றன.

அவர் ஒளியை ஒரு பக்கத்திலிருந்தே விழச் செய்தார். பின்புலத்தைப் பெரும்பாலும் இருளாக்கினார். அமர்ந்தவரை நிமிடக்கணக்கில் அசையாதிருக்கப் பணித்தார். 1867இல் எடுத்த ஹேர்ஷலின் படத்தில், நரைமுடி ஒளிவட்டம்போல் எழ, இருளினின்று ஒரு முகம் வெளிப்படுகிறது. கார்லைல், டார்வின், தெனிசன் முதலியோரின் முகங்களையும் நாம் அவர் வழியாகவே காண்கிறோம்.

1875ஆம் ஆண்டில், இலங்கையின் கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 80 வயதுக் கணவரோடு அவர் இங்கு வந்தார். ஈதர் விரைந்து ஆவியாகும் வெப்பநாட்டில் கொலோடியன் வேலை கடினம். தகடும் மருந்தும் கடல்கடந்து வரவேண்டும். ஆயினும் கமராவை அவர் கைவிடவில்லை. களுத்துறையில் தங்கியிருந்தபோது ஓவியர் மரியன் நோர்த்தையும், தோட்டத் தொழிலாளரையும், சிற்றூர் மக்களையும் படம் பிடித்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,200 படங்கள் எடுத்தவரிடமிருந்து, இலங்கையிற் பிறந்தனவாய் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவே.

அவற்றுள் ஒரு படம் நெஞ்சை உறுத்துவது. களுத்துறைக் குடியானவர் என்று குறிக்கப்பட்ட அதில் ஒரு சிறுமியும் ஒரு முதியவரும் உள்ளனர். சிறுமிக்கு 12 வயதென்றும், முதியவர் தம்மை அவள் தந்தையென்றும் நூறு வயதினரென்றும் கூறினாரென்றும் அம்மையார் எழுதிவைத்தார். பெயரை எழுதவில்லை. இங்கிலாந்திலே அறிஞரின் பெயரைப் படத்தோடு நிலைநாட்டிய கை, இங்கே அதைக் குறிக்காது விட்டது. ஆயினும் முகத்தை நோக்கிய கண்ணிலே குறைவில்லை. ஹேர்ஷலுக்குத் தந்த அதே கனிவும் பொறுமையும் அந்தப் பெயரிலா முகங்களுக்கும் கிட்டியிருப்பதைக் காண்போர் உணர்வர்.

1879ஆம் ஆண்டு தை 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் அம்மையார் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார். அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகச் செல்லும் பாதை அவர்கள் துயிலும் முற்றத்தருகே நம்மைக் கொண்டு சேர்க்கும்.

புதிதாய்க் கமரா வாங்க விழையும் இளைஞர் எது சிறந்ததென்று கடைகடையாய் வினவுகின்றனர். 48 வயதிலே, பரிசாய்க் கிடைத்த பெட்டியொன்றைக் கொண்டு தொடங்கியவரின் வாழ்வு அதற்கு விடை தருகிறது. கையிலுள்ள கருவியின் எல்லையை முட்டும்வரை உழைக்க வேண்டும். அந்த எல்லையே அடுத்த கருவியைச் சுட்டும். மலையகத்து இளைஞருக்கோ இன்னுமொரு கடன் உண்டு. தம் தோட்டத்து முதியோரின் முகங்களைப் பதியும்போது, அவர்தம் பெயரையும் அருகே எழுதிவைக்க வேண்டும்.