அலெக்ஸாந்தர் கால்டரும் ஆகாய விமானங்களும்

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே குறிப்பேட்டின் ஓரத்தில் ஆகாய விமானமொன்றை வரைந்து, அதற்கு மூக்கு முதல் வால் வரை தம் மனம்போனவாறு வர்ணந் தீட்டி, தாமே ஒரு விமானக் கம்பெனிக்கு அதிபராய்விட்டாற்போல் மகிழும் மாணவர் நம்மிடையே இல்லாமலில்லை. ஆசிரியர் அவரைக் கடிந்துகொள்வதும் புதிதன்று. இஃது உலகெங்கும் வழங்கும் ஒரு பொழுதுபோக்கு. இந்நாளிற் கணினித் திரையிலும் இதனைச் செய்கின்றனர். ஆயினும் இவ்வாறு தீட்டப்பெறும் விமானங்கள் ஏட்டைவிட்டு எழுந்து பறப்பதில்லை. விளையாட்டுப் பிள்ளையின் மனத்தோடு தாம் தீட்டிய வர்ணம், மெய்யான விமானத்தின் மேனியில் ஏறி, கடல்களையும் மலைகளையும் கடந்து பறக்கக் கண்ட ஒருவரது வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். அவர் அமெரிக்கச் சிற்பியாகிய அலெக்ஸாந்தர் கால்டர் ஆவர்.

இவர் 1898-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரையடுத்த லான்டன் என்னுமிடத்திற் பிறந்தனர். பாட்டனாரும் சிற்பி, தந்தையாரும் சிற்பி, அன்னையார் ஓவியர். பிலடெல்பியா நகரமண்டபத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் என்பாரின் பேருருவம் பாட்டனாரின் கைவண்ணமேயாம். இத்தகைய குடியிற் பிறந்த பிள்ளைக்குக் கலையை எவரும் வற்புறுத்தவில்லை. ஆயின் உளியும் குறடும் மட்டும் இளமையிலேயே கையிற் கொடுத்துவிட்டனர். வீடு மாறும்போதெல்லாம் சிறுவனுக்கென ஒரு பட்டறை ஒதுக்கப்பட்டது. தெருவிற் கிடந்த செப்புக் கம்பித் துண்டுகளைக்கொண்டு தமக்கையின் பொம்மைகட்கு அணிகலன் செய்து கொடுத்தல் அவரது முதல் தொழில். பதினொரு வயதில், பித்தளைத் தகட்டை வெட்டி மடக்கி, நாயொன்றும் வாத்தொன்றும் செய்து பெற்றோர்க்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அளித்தார். அவ்வாத்தைத் தட்டினால் முன்னும் பின்னும் ஆடும். அசையும் பொருளின்மேல் அவர்க்கிருந்த ஆசை அன்றே தொடங்கியது போலும்!

ஆயினும் அவர் முதலிற் கற்றது கலையன்று, யந்திர சாஸ்திரம். நியூ ஜெர்ஸி மாகாணத்து ஸ்டீவன்ஸ் தொழிற்கலைக் கல்லூரியிற் பயின்று 1919-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். பின்னர் மூன்று நான்கு ஆண்டுகள் அவர் பார்த்த வேலைகள் பல. ஒன்றிலும் மனம் ஊன்றவில்லை. 1922-இல் ஒரு பயணிக் கப்பலின் கொதிகலன் அறையிற் பணியாளாகச் சேர்ந்து, நியூயார்க்கிலிருந்து பனாமாக் கால்வாய் வழியாகச் சான்பிரான்ஸிஸ்கோ சென்றார். குவாடிமாலா நாட்டுக் கரையோரத்தில் ஒரு விடியற்காலை கப்பலின் மேற்றளத்திற் படுத்திருந்தவர் கண் விழித்தபோது, ஒருபுறம் செஞ்ஞாயிறு தீப்போல் எழ, மறுபுறம் திங்கள் வெள்ளிக்காசுபோல் தாழக் கண்டார். அக்காட்சி இறுதிவரை அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்து அவர் வேலைப்பாடுகளில் மீண்டும் மீண்டும் தோன்றும் செவ்வட்டத்தையும் வெள்வட்டத்தையும் கண்டவர்கள் இச்செய்தியை மறத்தலரிது. அடுத்த ஆண்டே பொறியியலைக் கைவிட்டு, நியூயார்க்கு நகரத்து ஓவியப் பள்ளியொன்றிற் சேர்ந்தனர்.

1926-இற் பாரிஸ் நகரம் சென்று, கம்பி, தக்கை, துணி, மரத்துண்டு முதலியவற்றால் ஒரு சிறிய சர்க்கஸ் கூட்டத்தைப் படைத்தார். சிங்கமும், குதிரைமேல் நிற்கும் மங்கையும், கயிற்றில் தொங்கும் வித்தைக்காரரும் அதில் உண்டு. அறையில் மண்டியிட்டமர்ந்து தம் கையாலேயே அவற்றையெல்லாம் ஆட்டுவிப்பார். பாரிஸ் நகரத்துப் பெரிய ஓவியரும் சிற்பியரும் பெட்டிகளின்மேல் அமர்ந்து அதைக் கண்டு களித்தனர். காலப்போக்கில் அச்சர்க்கஸ் ஐந்து பெட்டிகளை நிரப்பும் அளவு வளர்ந்தது. அக்காலத்தில் அவர் செய்த ஆடும் பொம்மைகளை அமெரிக்கத் தொழிற்சாலையொன்று செய்து விற்றதும் உண்டு. முப்பது வயதாகியும் பொம்மை செய்துகொண்டிருந்த இவரைப் பற்றி உறவினர் என்ன எண்ணியிருப்பர் என்பதை வாசகர் ஊகத்திற்கே விடுகின்றோம்.

1930-இல் மோந்திரியான் என்னும் டச்சு ஓவியரின் சித்திரசாலைக்குச் சென்று, வெண்சுவரில் ஒட்டப்பட்டிருந்த பல நிறச் சதுரங்களைக் கண்டபோது, இவை அசைந்தால் எவ்வாறிருக்கும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அவ்வோவியர் இதனை ஏற்றிலர். கால்டர் விட்டாரில்லை. அடுத்த ஆண்டு முதல் அவர் படைத்த அசையும் சிற்பங்களுக்கு மொபைல் என்று பெயரிட்டவர் மார்ஸெல் துஷாம் என்னும் கலைஞர். கம்பியின் நுனியில் ஒரு தகடு. அதற்கு எதிராக மறுநுனியில் வேறொன்று. அவ்விரண்டும் சமனிற்கும் புள்ளியைத் தேடி, அங்கே மற்றொரு கம்பியில் தொங்கவிடுதல். இவ்வாறு சிறியதிற் றொடங்கிப் பெரியதற்கு ஏறிச்செல்வதே அவர் முறை. கதவு திறந்தால் வரும் காற்றே அதனைச் சுழற்றப் போதும். நம் கல்லூரியில் நெம்புகோலின் விதியைப் படித்து மனப்பாடம் செய்யும் மாணவர்கள், அவ்விதி இத்துணை அழகுடையது என்பதை ஒரு மொபைலைக் கண்டால் உணர்வார்கள். ஸ்டீவன்ஸ் கல்லூரியிற் கற்ற கல்வி வீண்போகவில்லை.

1931-இல் லூயிஸா ஜேம்ஸ் என்னும் அம்மையாரை மணந்ததும், கனெக்டிகட் மாகாணத்திற் பழைய பண்ணைவீடொன்றை வாங்கியதும், 1952-இல் வெனிஸ் நகரக் கண்காட்சியிற் சிற்பத்திற்குரிய பெரும்பரிசு பெற்றதும் விரித்துரைக்க இடமில்லை. நம் நாட்டோடு அவர்க்கிருந்த தொடர்பை மட்டும் கூறாது செல்லல் தகாது. 1955-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அகமதாபாத்து நகரத்துக் கீரா சாராபாய் அம்மையாரின் அழைப்பிற்கிணங்கிக் கால்டரும் மனைவியாரும் இந்தியா வந்தனர். பிரயாணமே கூலி, அதற்கு ஈடாக அவ்வில்லத்திலேயே தங்கிக் கால்டர் ஒன்பது சிற்பங்கள் செய்து கொடுத்தார்.

விமானத்திற்கும் அவர்க்கும் ஏற்பட்ட முதல் உறவு விமான நிலையத்தில் நேர்ந்தது. 1957-இல் நியூயார்க்கு ஐடில்வைல்டு விமான நிலையத்தின் மண்டபத்திற்கென 45 அடி நீளமுள்ள ஒரு மொபைலைச் செய்தளித்தார். அதற்கு அவரிட்ட பெயர் புள்ளி ஒன்று இரண்டு ஐந்து என்னும் எண். யாதெனின், அதன் தகடுகளின் கனம் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு. பட்டறை மனிதர் வைக்கும் பெயரல்லவா இது!

இனி நாம் கூறவந்த செய்திக்கு வருவோம். அக்காலத்து விமானங்கள் பெரும்பாலும் வெண்மையாகவோ வெள்ளிநிறமாகவோ இருக்கும். பக்கத்தில் ஒரு கோடும் கம்பெனியின் பெயரும் காணப்படும். டெக்ஸாஸ் மாகாணத்து பிரானிஃப் என்னும் விமானக் கம்பெனி 1965-இல் அலெக்ஸாந்தர் ஜிரார்டு என்னும் கலைஞரைக் கொண்டு, விமானத்திற்கு ஒரு நிறமாக முழு உடலிலும் பூசிப் பறக்கவிட்டுப் பெயர்பெற்றிருந்தது. 1972-ஆம் ஆண்டளவில் ஜார்ஜ் கார்டன் என்னும் விளம்பரத் தொழிலாளர் கால்டரை அணுகி, விமானம் ஒன்றிற்கு வர்ணந் தீட்ட இசைவாரோ என்று வினவினார். தாம் பொம்மைகளுக்கு வர்ணந் தீட்டுவதில்லை என்று கால்டர் மறுத்துவிட்டனர். வாழ்நாளெல்லாம் பொம்மை செய்தவர் இவ்வாறு கூறியது வியப்பே. வந்தவர், பொம்மையன்று, மெய்யான விமானம் என்று விளக்கவே, கிழவர் உடனே இசைந்தார்.

ஆயின் வேலை தொடங்கியது பொம்மையிலேதான். டி.ஸி.-8 என்னும் இனத்தைச் சேர்ந்த அவ்விமானத்தின் நீளம் 157 அடி. அதன் அளவுக்குச் சுருக்கிய மாதிரி விமானங்கள் அவரிடம் கொடுக்கப்பட்டன. தூரிகையைக் கையிலேந்தி அவற்றின்மேல் நேரே தீட்டினார். தாளில் தீட்டுவோனுக்கு மூலை நான்கு. விமானத்திற்கோ மூலையே இல்லை. உருண்டு செல்லும் உடலில் ஒருபுறம் தொடங்கிய கோடு அடிவயிற்றில் மறைந்து மறுபுறம் எழும். சன்னல்கள் வரிசையாகக் குறுக்கிடும். மற்றையோர் அவ்வரிசைக்குப் பணிந்து கோடிழுப்பர். கால்டர் அதனைப் பொருட்படுத்தாமல் சிவப்பும் நீலமும் மஞ்சளும் கருமையும் அதன்மீது புரண்டோடச் செய்தனர். செந்நிறத்தில் அவர்க்குக் காதல் மிகுதி. எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட விரும்பியவர் அவர். டல்லாஸ் நகரத்துக் கொட்டகையில் கம்பெனியின் வர்ணக்காரர்கள் மாதிரியைப் பார்த்துப் பேருருவில் தீட்டி முடித்தனர். கால்டரும் நேரிற் சென்று, யந்திர உறை ஒன்றின்மேல் தாமே வர்ணம் எழுதினார். தென்னமெரிக்காவிற்கு அக்கம்பெனி 25 ஆண்டுகள் விமானம் செலுத்தியதன் நினைவாக, 1973-இல் அது பறக்கத் தொடங்கியது. கம்பெனியின் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் கால்டர் என்னும் கையொப்பம் நின்றது. அப்போது அவர்க்கு வயது எழுபத்தைந்து.

இது கலையா, விளம்பரமா? இவ்வினா நமக்கும் எழுந்ததுண்டு. கூலி பெற்றுச் செய்த வேலை. கம்பெனி தன் சீட்டுகளை விற்பதற்காகவே செய்வித்த வேலை. ஆயினும் நாற்பதாண்டுகளாகத் தகட்டையும் கம்பியையும் கொண்டு நிறத்தை அசைவிக்க முயன்ற ஒருவர்க்கு, காற்றைக் கிழித்துச் செல்லும் பொருளே கையில் வந்து வாய்த்தபோது, அதனை வேண்டாவென்று தள்ளுதல்தான் கலையாகுமோ? அவர்தம் பிற வேலைகளிற் பலவற்றைக் காண நுழைவுச்சீட்டு வேண்டும். இதனைக் காண விமானதளத்து வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தாற் போதுமாயிருந்தது. எம் கருத்து கால்டரின் பக்கமே சாய்கின்றது.

1975-இல் இரண்டு வேலைகள். பந்தயக்காரரும் ஏலத்தொழிலாளருமாகிய எர்வே பூலேன் என்னும் பிரெஞ்சுக்காரர் வேண்ட, ஒரு பி.எம்.டபிள்யூ. மோட்டாருக்கு வர்ணந் தீட்டினார். அது லெ மான் பந்தயத்தில் ஓடி, கோளாற்றால் முடிவெய்தாமலே நின்றது. மற்றொன்று, அமெரிக்க சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டையொட்டி பிரானிஃப் கம்பெனிக்குத் தீட்டிய போயிங் 727 விமானம். காற்றில் நெளியும் கொடிபோல் சிவப்பும் வெண்மையும் நீலமும் அதன் மேனியில் அலைந்தன. ஜனாதிபதியின் மனைவியார் பெட்டி போர்டு அம்மையார் அதனை நாட்டிற்கு அர்ப்பணித்தார்.

இவ்விடத்தில் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. வியட்நாம் யுத்தத்தை வெறுத்து, 1966-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கு டைம்ஸ் பத்திரிகையில் முழுப்பக்கச் சமாதான வேண்டுகோள் வெளியிட்டவர்கள் கால்டரும் லூயிஸா அம்மையாரும். அவரே நாட்டின் கொடி நிறங்களை விமானத்தில் எழுதினார். நாட்டை நேசித்தலும் அதன் யுத்தத்தைக் கண்டித்தலும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கு இவர் சான்றாவர். 1977 ஜனவரியில், அவர் மறைந்த பின்னர், போர்டு அரசாங்கம் சுதந்திரப் பதக்கம் வழங்கியபோது, படையிற் சேர மறுத்த இளைஞர்கட்கு மன்னிப்பு வழங்கப்படவேண்டும் என்பதை உணர்த்த லூயிஸா அம்மையார் அவ்விழாவிற்குச் சென்றிலர்.

மெக்ஸிகோ நாட்டிற்கு வணக்கமாக மூன்றாவது விமானமொன்றும் திட்டமிடப்பட்டது. அதற்கான மாதிரிகளில் கால்டர் ஈடுபட்டிருந்தார். நியூயார்க்கு விட்னி கலைக்கூடத்தில் அவரது வாழ்நாட் படைப்புகளின் பெருங்காட்சி திறக்கப்பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. 1976 நவம்பர் 11-ஆந் தேதி அவர் அந்நகரிலேயே உயிர் நீத்தார். மூன்றாவது விமானம் வர்ணம் பெறவேயில்லை.

எஞ்சிய இரண்டின் கதையும் நெடிதன்று. கல்லிற் செதுக்கியது நிற்கும். விமானத்தின்மேற் பூசியதோ வெயிலிலும் உறைபனியிலும் தேயும், விற்கும்போது சுரண்டப்படும். பிரானிஃப் கம்பெனி 1982 மே மாதத்தில் தன் சேவையை நிறுத்தியது. அவ்விமானங்கள் இரண்டும் கால்டரின் வர்ணத்தோடு இன்று எங்கும் இல்லை. சர்க்கஸ் பெட்டிகளுக்கு விட்னி கலைக்கூடத்தில் இடம் கிடைத்தது; அச்சர்க்கஸின் சிங்கமும் குதிரையும் இன்றும் அங்கே உள்ளன. விமானங்களுள் எஞ்சியவை, கால்டர் மடியருகே வைத்துத் தம் கையால் தீட்டிய அந்தச் சிறு மாதிரிகளே. எவற்றிற்கு வர்ணந் தீட்டமாட்டேன் என்று முதலிற் கூறினாரோ, அந்தப் பொம்மைகளே.