வாயில்லா உயிர்களுக்காக வாதாடியவர்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. அங்கே ஏரிக்கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டிலும் மீனவர் குப்பங்கள் பல அமைந்துள்ளன. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம் என்பன அவற்றுள் சில. குளிர்காலத்தில் அவ்வேரியைக் காணச் செல்வோர், நீரில் நிரை நிரையாக நிற்கும் பூநாரைகளையே கண்டு மகிழ்வர். கரை மணலில் படுத்திருக்கும் நாய்களைக் கருதுவோர் மிகச் சிலரே. படகு கரையை நெருங்கும்போது அந்நாய்கள் எழுந்து நிற்கும். வலையிலிருந்து உதறி எறியப்படும் சிறுமீனே அவற்றிற்கு உணவு. கருவாடு காயும் இடத்தில் காக்கை இறங்கினால் அவை குரைத்து ஓட்டும். இத்தகைய நாயை இன்னார் வீட்டு நாய் என்று உறுதியாகக் கூறவும் இயலாது. எவருக்கும் உரியதன்று என்று தள்ளவும் இயலாது. ஊர் முழுவதும் அதன் வீடு.

அத்தகைய நாயொன்றின் காலை ஒருவன் கல்லெறிந்து முறித்தால், அல்லது அதன்மேல் கொதிநீரை ஊற்றினால், அவனைக் கேட்பார் யார்? ஆங்கில அரசினர் 1890-ஆம் ஆண்டிலேயே விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தனர். ஆயினும் அச்சட்டம் நகராட்சி எல்லைக்கு உட்பட்ட இடங்களிலேயே செல்லுபடியாயிற்று. சென்னை நகரத் தெருவில் வண்டி மாட்டை வதைத்தவனைக் காவலர் பிடிக்கலாம். அதே கொடுமை குப்பத்து மணலில் நிகழ்ந்தால் சட்டம் வாய் திறவாது. நாட்டின் உயிரினங்களுள் பெரும்பாலானவை சிற்றூர்களில் வாழ, சட்டமோ நகரத்தின் வாயிலோடு நின்றுவிட்டது. இக்குறை நீங்கப் பெரிதும் காரணமாயிருந்தவர், நடனக் கலையால் உலகம் அறிந்த ருக்மிணி தேவி அம்மையார் ஆவார்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே அவருக்குப் பிறந்த நாள் வாய்த்தது! தந்தையார் நீலகண்ட சாத்திரியார் பொறியாளராகப் பணிபுரிந்தவர். பிரமஞான சபையில் ஈடுபாடு மிக்கவர். பணியினின்று ஓய்வு பெற்றபின் அவர் சென்னை அடையாற்றில், அச்சபையின் அருகே குடியேறினார். அங்கே அன்னி பெசன்ட் அம்மையாரின் அன்புக்கு உரியவராக ருக்மிணி தேவி வளர்ந்தார். ஆங்கிலேயராகிய ஜார்ஜ் அருண்டேல் என்பவரை அவர் 1920-ஆம் ஆண்டு மணந்தபோது, சென்னையில் எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. பதினாறே வயது நிரம்பிய அப்பெண் அதனைத் தாங்கி நின்றார். ஊரார் ஒப்பாத ஒன்றை உறுதியோடு செய்யும் இயல்பு அவருக்கு அன்றே அமைந்துவிட்டது எனலாம்.

உருசிய நாட்டு நடன மேதையாகிய அன்னா பாவ்லோவாவை 1928-ஆம் ஆண்டு அவர் சந்தித்ததும், பின்னர்த் தம் நாட்டுக் கலையின்பால் மனம் திரும்பிப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றதும், 1935-இல் அரங்கேறியதும், 1936-இல் கலாட்சேத்திரத்தை நிறுவியதும் பலரும் அறிந்த செய்திகள். அவ்வரலாறு தனியே ஒரு பாடத்திற்கு உரியது. நாம் இங்கு அம்மையாரின் மற்றொரு பணியைக் காண்போம்.

நம் அரசியலமைப்பின்படி கலை, இலக்கியம், அறிவியல், சமூகப்பணி ஆகிய துறைகளில் சிறந்தோர் பன்னிருவரைக் குடியரசுத் தலைவர் மாநிலங்களவைக்கு நியமிப்பார். 1952-ஆம் ஆண்டு அவை அமைந்தபோதே அம்மையாரும் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். கலைஞர் ஒருவர் அவையில் கலைக்குப் பொருளுதவி வேண்டுவார் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. அம்மையாரோ விலங்குகளின் துன்பத்தைத் தடுக்க ஒரு சட்ட முன்வரைவை அவை முன் வைத்தார்.

அஃது எத்துணைக் கடினமான செயல் என்பதை மாணவர்கள் உணர்தல் வேண்டும். சட்ட முன்வரைவுகளை அமைச்சர்கள் கொண்டுவருவதே பெருவழக்கு. அமைச்சரல்லாத தனி உறுப்பினர் ஒருவரும் கொண்டுவரலாம். ஆனால் அவை சட்டமாவது அரிதினும் அரிது. 1952 முதல் பதினான்கே அவ்வாறு நிறைவேறின. அவற்றுள் இறுதியானது 1970-ஆம் ஆண்டினது. காலமும் அம்மையாருக்குத் துணையாக இல்லை. நாடு பிரிந்தபோது வீடிழந்து வந்தோரின் துயர் ஒருபுறம், உணவுப் பற்றாக்குறை மறுபுறம். முதல் ஐந்தாண்டுத் திட்டம் அப்போதுதான் நடைபெற்றுக் கொண்டிருந்தது. மனிதனுக்கே சோறு இல்லாதபோது நாய்க்கும் மாட்டுக்கும் சட்டமா என்று ஒருவர் நினைத்தால் அவரைக் கொடியவர் என்று கூறிவிட இயலாது.

1954-ஆம் ஆண்டு அம்முன்வரைவு மாநிலங்களவையில் விவாதத்திற்கு வந்தது. பிரதமர் நேருவே எழுந்து பேசினார். அம்மையாரின் நோக்கத்தை அவர் பாராட்டினார். எனினும் அரசாங்கமே ஒரு குழுவை அமைத்து, இப்பொருளை முழுதும் ஆராய்ந்து, தானே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்து, முன்வரைவைத் திரும்பப் பெறுமாறு வேண்டினார்.

அம்மையார் என் செய்வார்? வாக்கெடுப்பைக் கேட்டுத் தோற்றால், இப்பொருளை மீண்டும் எடுப்பார் எவரும் இலராகலாம். திரும்பப் பெற்றாலோ, கொடுத்த வாக்கு ஏட்டிலேயே உறங்கிவிடவும் கூடும். அவர் பிரதமரின் சொல்லை நம்பி முன்வரைவைத் திரும்பப் பெற்றார். அதனைத் தோல்வி என்பாரும் உண்டு. பெயரை விட்டுக்கொடுத்துப் பயனைக் காத்தார் என்பதே எம் கருத்து. ஆயினும் காத்திருப்பு நெடிதாயிற்று. ஆறு ஆண்டுகள் சென்றன. 1960-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள்தான் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நாட்டின் சட்டமாயிற்று. பழைய நகர எல்லை அதில் இல்லை.

நாய் வளர்ப்போர் அச்சட்டத்தின் பதினோராம் பிரிவை அறிந்திருத்தல் நன்று. விலங்கை அடித்தலும் உதைத்தலும் மட்டுமே குற்றம் என்று அது நின்றுவிடவில்லை. மிகக் குறுகிய சங்கிலியிலோ மிகக் கனமான சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைத்தல் குற்றம். எந்நேரமும் கட்டிக்கிடக்கும் நாயை வெளியே நடத்திச் செல்லாமல் விடுதல் குற்றம். போதிய உணவும் நீரும் நிழலும் அளிக்காமை குற்றம். தக்க காரணமின்றித் தெருவில் கைவிடுதலும் குற்றமே. இவற்றுள் பலவும் கொடிய மனத்தால் நிகழ்வன அல்ல. மறதியாலும் சோம்பலாலும் நிகழ்வன. குட்டியாக இருந்தபோது கொஞ்சி வளர்த்த நாயை, வளர்ந்தபின் கொல்லையில் கட்டிவிட்டு, வெயில் எப்பக்கம் திரும்பியது என்றும் பாராத வீடுகள் நம்மிடையே இல்லையா? தெருநாய்களின் நெஞ்சில் நஞ்சு ஊசி செலுத்திக் கொல்லும் முறையையும் அச்சட்டம் பெயர் குறித்தே விலக்கியது.

அம்மையார் விரும்பியவை அனைத்தும் அதில் இடம்பெற்றன என்று கூறுதற்கில்லை. சமய வழக்கப்படி விலங்கைப் பலியிடுதலை அச்சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. அறிவியல் ஆய்வுகளுக்கு விலங்குகளைப் பயன்படுத்துதலையும் கட்டுப்பாட்டுடன் ஒப்பியது. தண்டமும் சிறிதே. முதற் குற்றத்திற்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். 1960-இல் ஐம்பது ரூபாய் ஏழைக்குப் பெருந்தொகை. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் சட்டத்தில் அத்தொகையே நின்றது வியப்பிற்குரியது.

நாய்களுக்கு அஞ்சுவோரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வெறிநாய்க் கடியால் வரும் நோய் முற்றிவிட்டால் உயிர் பிழைத்தல் அரிது. கடித்த இடத்தை உடனே வழலைக்கட்டியால் தேய்த்து, பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, காலந் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். இவ்வச்சத்தினாலேயே நகராட்சிகள் நெடுங்காலம் நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தன. கொன்றும் அவற்றின் தொகை குறைந்தபாடில்லை. ஒரு தெருவில் நாய்கள் ஒழிந்தால் உணவு தேடி வேறு நாய்கள் அங்கு வந்து சேர்ந்தன. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2001-ஆம் ஆண்டு வெளியான விதிகள் வேறு வழியைக் காட்டின. நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடுக என்றன அவ்விதிகள். 2023-இல் அவை திருத்தி எழுதப்பட்டபோதும் இம்முறை நீடித்தது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது என்பதை அம்மையார் அறிந்திருந்தார். அச்சட்டத்தின்படி 1962-ஆம் ஆண்டு இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது, அவரே அதன் முதல் தலைவரானார். தலைமை அலுவலகம் சென்னையில் அமைந்தது. 2018-ஆம் ஆண்டு அரியானா மாநிலத்திற்கு மாற்றப்படும் வரை அங்கேயே இயங்கிற்று. காயமுற்ற விலங்குகளைப் பேணும் நிலையங்களுக்குப் பொருளுதவி அளித்தலும், விலங்குகளின் நலன் குறித்து அரசுக்கு அறிவுரை கூறுதலும் வாரியத்தின் பணிகள். காலையில் கலாட்சேத்திரத்தில் சிலம்பொலி. அதன் பின்னர் நோயுற்ற மாடும் நொண்டி நாயும் பற்றிய கோப்புகள். இரண்டையும் அவர் வெவ்வேறு பணிகளாகக் கருதவில்லை.

1977-ஆம் ஆண்டு, அந்நாளைய பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்த விரும்பினார். அம்மையார் அதனை ஏற்கவில்லை. தம் கல்விக்கூடத்தையும் வாரியத்தையும் விட்டு அவர் தில்லி மாளிகைக்குச் செல்லவில்லை.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் சென்னையில் அம்மையார் காலமானார். 1962-இல் ஏற்ற வாரியத் தலைமைப் பொறுப்பு அன்றும் அவரிடமே இருந்தது.