ஆற்றைத் திருப்பிய பொறியாளர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒருபுறம் பெருமழை பொழியப் பெரியாறு பெருக்கெடுத்து அரபிக்கடலில் கலந்தது. மறுபுறம் வைகை வறண்டு, மதுரைச் சீமை பஞ்சத்தில் வாடியது. அந்நிலையை மாற்றிய பெருமைக்குரியவர் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

இளமை

பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் புனேயில் பிறந்தார். 1849இல் நிகழ்ந்த சில்லியான்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒரே நாளில் இழந்தார். இங்கிலாந்தில் பயின்று, 1860இல் சென்னை மாகாணத்திற்குப் படைப்பிரிவுப் பொறியாளராக வந்தார். பின்னர்ப் பொதுப்பணித்துறையில் பணியாற்றினார்.

திட்டம் உருவாதல்

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழமையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை மலைக்கு ஆட்களை அனுப்பி ஆராய்ந்தார். பொருள் போதாமையால் அம்முயற்சி நின்றது. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் எண்ணற்ற உயிர்களைப் பலிகொண்டபின், அத்தேவையை அரசு உணர்ந்தது. 1882இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அணை எழுந்த வரலாறு

1887இல் பணி தொடங்கியது. அடர்ந்த காடும் கொடிய விலங்குகளும் ஓயாத மழையும் தொழிலாளரை அலைக்கழித்தன. ஆற்றைத் தடுக்க எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மலேரியாக் காய்ச்சலால் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆயினும் பென்னிகுவிக் தளரவில்லை. அழிந்ததை மீண்டும் கட்டினார். கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு, அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் ஏறத்தாழ 1,200 அடி நீளமும் உடைய அணை எழுந்தது.

அணையைக் கட்டியதோடு பணி முடியவில்லை; தேங்கிய நீர் மலையைக் கடக்க வேண்டும். எனவே, ஒரு மைலுக்கும் மிகுதியான நீளத்திற்குப் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். அதன் வழியே வந்த நீர் சுருளியாற்றை அடைந்து, வைகையில் கலந்தது. 1895 அக்டோபர் 10ஆம் நாள் ஆளுநர் வென்லாக் பிரபு அத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

பயனும் புகழும்

தாயகம் திரும்பிய பென்னிகுவிக், கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராகத் திகழ்ந்து, 1911 மார்ச் 9ஆம் நாள் மறைந்தார். 1950களின் இறுதியில், மலையிலிருந்து கீழிறங்கும் அந்நீரின் விசையைக் கொண்டு லோயர்கேம்ப்பில் மின்னாக்கம் தொடங்கியது. இன்று அந்நீர் முதலில் சுழலிகளை இயக்கி, பின்னர்த் தேனி, மதுரை முதலிய மாவட்டங்களின் வயல்களை நனைக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் அவர் பிறந்தநாளில் பொங்கலிட்டு வணங்குகின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். 2013இல் லோயர்கேம்ப்பில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. அவரைப் போற்றும் வேளையில், அக்காட்டில் உயிர்நீத்த தொழிலாளர்களையும் நன்றியுடன் நினைத்தல் நம் கடமையாகும். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் உழைப்பின் பயனை வயல்தோறும் காண்கிறோம்.