சான்றுச் சட்டம் வகுத்த ஸ்டீபன்

சட்டம் பயிலப் புகும் மாணவன் முதலில் உணர வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஒன்றை அறிதல் வேறு. அதனை நீதிமன்றில் நிரூபித்தல் வேறு. இவ்வேறுபாட்டைச் சட்ட விதிகளாக வகுத்தளித்த பேரறிஞர் சேர் ஜேம்ஸ் பிற்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் ஆவர்.

இவர் 1829 ஆம் ஆண்டு மார்ச் 3 ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கல்வி பயின்று, 1854 இல் பாரிஸ்டராயினார். 1869 இல் இந்திய அரசப்பிரதிநிதியின் சபையிற் சட்ட அங்கத்தவராக நியமனம் பெற்றார்.

அக்காலத்தில் ஆங்கிலச் சான்று விதிகள் நீதிபதிகளின் தீர்ப்புகள் பலவற்றிற் சிதறிக் கிடந்தன. சட்டப் பயிற்சி குறைந்த மாவட்ட அதிகாரிகள் அவற்றை எங்ஙனம் தேடிக் காண்பர்? ஸ்டீபன் அவற்றின் சாரத்தை 167 பிரிவுகளில் அடக்கினார். வழக்கில் தீர்க்கப்பட வேண்டிய நிகழ்வுகளையும் அவற்றோடு தொடர்புடையவையெனச் சட்டம் கூறும் நிகழ்வுகளையும் பற்றியே சாட்சியம் அளிக்கலாம் என்பது அதன் அடித்தளம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக நிரூபித்தலாகாது என்ற விதியும் அதில் இடம்பெற்றது. 1872 இல் நிறைவேறிய அச்சட்டத்தைத் தழுவியே, 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இலங்கையில் ஆக்கப்பட்டது. இந்தியா 2024 இல் புதிய சட்டத்துக்கு மாறியது. நம் நாட்டிலோ பழைய சட்டமே திருத்தங்களோடு வழங்குகின்றது.

தாயகம் மீண்ட ஸ்டீபன் 1879 இல் நீதிபதியானார். 1885 இல் நோயுற்றார். 1889 இல், கணவனுக்கு நஞ்சூட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட புளோரன்ஸ் மேபிரிக் என்னும் மாதின் வழக்கை லிவர்ப்பூலில் விசாரித்தார். யூரிமாருக்கு அவர் வழங்கிய தொகுப்புரை எதிரிக்குப் பாதகமாயிருந்ததெனப் பலர் கண்டித்தனர். அம்மரணம் நஞ்சினால் நேர்ந்ததா என்ற ஐயமும் தீரவில்லை. மேன்முறையீட்டுக்கு அந்நாளிற் குற்றவியல் மன்றம் இருந்ததில்லை. மரண தண்டனை ஆயுட் சிறையாக மாற்றப்பட்டது. அம்மாது 1904 இலேயே விடுதலை பெற்றார். 1891 இற் பதவி துறந்த ஸ்டீபன், 1894 மார்ச் 11 ஆம் நாள் காலமானார்.

சான்றின் இலக்கணம் வகுத்தவரின் தீர்ப்பாசனமே ஐயத்துக்கு இலக்காயிற்று. இதனால் அவர் பணி சிறுமையடையாது. மாறாக, அதன் இன்றியமையாமையே புலனாகும். எத்துணைப் பேரறிவாளரும் தவறக்கூடும் என்பதனாலன்றோ விதிகள் வேண்டப்படுகின்றன! பிரிவுகளை மனனஞ் செய்யும் இளமாணவர், ஒவ்வொரு பிரிவின் பின்னும் ஒரு மனிதவுயிர் நிற்பதையும் மறவாதிருப்பாராக.